இரண்டு பேரைக் காணவில்லை

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாள் சாயங்காலம் நாலு மணி வாக்கில் எல்லோருக்கும் ஒரு மெயில் போடுவார்கள், இன்றோடு கிளம்புகிறேன் என்று, கூடவே சொந்த நம்பர், கடைசியில் மூன்று புள்ளியும் ஒரு சிரிப்புப் பொம்மையும். பதிமூன்று வருடத்தில் அப்படி இருநூறு மெயிலாவது படித்திருப்பேன். எழுதுகிறவர்கள் எல்லாம் காப்பி எடிட்டர்கள், இருந்தும் பாதி மெயிலில் பிழை இருக்கும், அன்றைக்கு மட்டும் யாரும் சுட்டிக்காட்ட மாட்டோம். என் முறை வந்தபோது அந்த மெயில் போட நேரம் கிடைக்கவில்லை. 2024 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றரைக்கு சீட்டுக்குத் திரும்பினால் கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. சரி, அந்த மெயிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாக.

முதலில் அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும், என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை புரியவில்லை. உலகத்தில் எங்கேயோ ஒரு டாக்டர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கிற ஒரு பதிப்பகம் அதைத் தன் மருத்துவ இதழில் போட ஒப்புக்கொள்கிறது. அதற்கும் அது வெளியாவதற்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து மொழியைத் திருத்தி, மேற்கோள்களைச் சரிபார்த்து, அட்டவணையில் கூட்டல் சரிதானா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே கேள்வி கேட்டு, பக்கம் கட்டுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். அந்த ஆள் பல சமயம் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பார். பார்த்தால் ஐ.டி. கம்பெனி மாதிரியே இருக்கும், அதே கழுத்து ஐ.டி. கார்டு, அதே கேப், ஆனால் உள்ளே இருப்பவர்கள் விலங்கியலும் தாவரவியலும் நுண்ணுயிரியலும் படித்துவிட்டு லேப் வேலை கிடைக்காதவர்கள். நானும் அப்படித்தான். கும்பகோணத்தில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி, 2011 ஜூனில் மாதம் 8,500 ரூபாய்க்கு ட்ரெய்னி. அப்பாவிடம் விளக்கியபோது, "வெள்ளைக்காரன் இங்கிலீஷை நீ திருத்தப் போறியா?" என்று கேட்டார். கிண்டலா பெருமையா என்று அவர் போகும்வரை தெரியவில்லை. உண்மையில் நான் திருத்தியது பெரும்பாலும் சீனாக்காரர், ஈரான்காரர், பிரேசில்காரர் இங்கிலீஷ்தான். அதிலும் நல்ல ஆராய்ச்சியை மோசமான இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் ஒரு ரகம், நல்ல இங்கிலீஷில் ஒன்றுமே சொல்லாமல் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்து ரயில் பிடித்தேன்.

இதை நல்ல வேலை என்று சொல்வது சம்பளத்தை வைத்து இல்லை. கண் பழகுவது ஒரு சுகம். வெளியாட்களுக்கு ஒரு சின்னப் படுக்கைக் கோடு என்றால் கோடுதான். எங்களுக்கு அதில் நாலு வகை: ஹைஃபன், 'என்' டேஷ், 'எம்' டேஷ், மைனஸ். '5–10 வயது' என்றால் நடுவில் 'என்' டேஷ், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி என்றால் மைனஸ். முதல் ஆறு மாதம் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு நாள், அது எப்படி நடக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, பக்கத்தைத் திறந்ததும் தப்பான கோடு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், கல் கலந்த அரிசியைத் தட்டில் பரப்பியதும் அம்மாவுக்குக் கல் தெரிகிற மாதிரி.

கோடு தப்பினால் யாரும் சாகப் போவதில்லை. மியூ தப்பினால் சாகலாம். மைக்ரோகிராம் என்பதற்குக் கிரேக்க எழுத்து மியூவைப் போட்டு பக்கத்தில் ஜி போடுவார்கள். சில பழைய ஃபைல்களில் அந்த மியூ தனியாக 'சிம்பல்' ஃபான்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஃபைல் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஃபான்ட் உதிர்ந்துவிட்டால் மியூ சத்தமே இல்லாமல் 'எம்' ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், அதாவது ஆயிரம் மடங்கு. நான் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு மயக்க மருந்துக் கட்டுரையில் 'ஃபென்டனில் 50 மில்லிகிராம்' என்று வந்தது. வாக்கியம் அழகாக இருந்தது, இலக்கணம் சுத்தம், ஸ்பெல் செக்கர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. ஃபென்டனில் கொடுப்பதே மைக்ரோகிராம் கணக்கில்தான், அந்த வாக்கியத்தில் இருந்த அளவு ஒரு வார்டையே தூங்கவைத்து எழுப்பாமல் விட்டுவிடும். கேள்வி அனுப்பினேன். மறுநாள் அந்த டாக்டரிடமிருந்து ஒரே ஒரு வரி, 'ஐயோ, ஆமாம், நன்றி' என்கிற அர்த்தத்தில். அன்றைக்கு எங்கள் டீம் முழுவதற்கும் நான்தான் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொரு வேடிக்கை எக்செல். மனித உடலில் செப்டின் என்றொரு ஜீன் குடும்பம் இருக்கிறது, ஆங்கிலத்தில் அதன் குறியீடு செப்டம்பர் மாதத்தின் சுருக்கம் போலவே இருந்தது. அட்டவணையில் அதை டைப் செய்தால் எக்செல் சமர்த்தாக அதை ஒரு செப்டம்பர் தேதி ஆக்கிவிடும். எத்தனை கட்டுரைகளில் ஜீன் பட்டியலுக்கு நடுவே ஒரு தேதி வந்து நின்றிருக்கிறது, எத்தனை முறை 'இது ஜீனா, தேதியா?' என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறேன். கடைசியில் 2020-இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே அலுத்துப்போய் அந்த ஜீன்களின் குறியீட்டை மாற்றிவிட்டது. மென்பொருளோடு சண்டை போட்டு மனிதர்கள் தோற்ற அந்தச் செய்தியை அன்றைக்கு ஆபீசில் சிரித்துக்கொண்டே பகிர்ந்தோம். இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெயர்கள். பதிப்பகங்களின் கணினியில் எழுத்தாளர் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும், முன்பெயர் ஒன்று, குடும்பப்பெயர் ஒன்று, இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம் ஊர்க்காரர் எழுதுகிற கட்டுரை வந்தால் இங்கேதான் கூத்து. பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் இனிஷியல் என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. யாராவது அந்த ஒற்றை எழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த எழுத்தாளர் ஆயுசுக்கும் மேற்கோள் பட்டியல்களில் 'பி' என்றே வாழ வேண்டியதுதான். நான் தமிழ்ப் பெயர் பார்த்தால் விடவே மாட்டேன். தனியாக ஒரு கேள்வி போடுவேன், உங்கள் பெயர் எப்படி மேற்கோள் காட்டப்பட வேண்டும் என்று. இதற்கெல்லாம் டார்கெட்டில் மார்க் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மீட்டிங் ரூமில் என் மேனேஜர் இருந்தார், ஹெச்.ஆர்.-லிருந்து ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். மேனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டே பக்க விலை, வாடிக்கையாளர் முடிவு என்று ஏதோ சொன்னார். அந்தப் பெண், "மேம், நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்க ரெக்கார்டு க்ளீனா இருக்கும்" என்று சொல்லி ஏற்கனவே டைப் செய்த ராஜினாமாக் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். என் பெயரில் யாரோ எழுதிய கடிதம். அதில் இரண்டு பிழை இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவை எடுத்து முதலில் அந்த இரண்டையும் திருத்தினேன், பழக்கதோஷம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்புறம், ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாத்ரூமில் நின்று பெரியம்மா பையனுக்கு ஃபோன் போட்டேன். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் யூனியன் ஆள். நான் முடிப்பதற்குள், "கையெழுத்து மட்டும் போடாதம்மா. அனுப்புறது அவங்கன்னா அதை அவங்களே எழுதித் தரட்டும்" என்றார்.

இதை இங்கே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், படிக்கிற யாருக்காவது அந்த ரூமில் உட்கார நேரலாம். நீங்களாக ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது, ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்கிற இழப்பீட்டைக் கேட்க வழியும் இருக்காது. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். ஐ.டி.-க்கெல்லாம் இது பொருந்தாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், விலக்கு எதுவும் கிடையாது என்று 2016-இல் தமிழ்நாடு தொழிலாளர் துறையே தெளிவுபடுத்தியது. நீங்கள் சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி'யா, மேற்பார்வையாளரா என்பதில்தான் வழக்கு நிற்கும். என் பதவியின் பெயரில் 'சீனியர்' என்று ஒரு வார்த்தை இருந்ததை வைத்து அவர்கள் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்கள். எனக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, கீழே இருந்தது நாற்காலிச் சக்கரம்தான் என்று அண்ணன் சொல்லச் சொன்னார், சொல்லவில்லை. மூன்று வாரம் மெயிலும் ஃபோனுமாகப் போய், கடைசியில் அவர்களே பணிநீக்கக் கடிதம் கொடுத்தார்கள், நோட்டீஸ் சம்பளமும் வருடத்துக்குப் பதினைந்து நாள் கணக்கும் சேர்த்து.

கிராஜுவிட்டி தனி. அப்போதைய கணக்குப்படி, அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கினார்கள். எனக்கு அடிப்படை 24,000, வருடம் 13, வந்தது சரியாக 1,80,000. பி.எஃப்.-ல் நான் எடுத்தபோது இருந்த விதிப்படி, வேலை போன ஒரு மாதத்தில் முக்கால் பங்கு, இரண்டு மாதத்தில் மீதி. ஆனால் அதற்குள் இருக்கும் பென்ஷன் பங்கைப் பத்து வருடம் தாண்டியவர்கள் கையில் எடுக்க முடியாது, ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு வயசாகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு ஆக இன்னும் இருபது வருடம். அந்தக் காகிதத்தை எங்கே வைத்தேன் என்று அப்போது ஞாபகம் இருந்தால் சரி.

அம்மாவிடம் அன்றைக்கு இரவே சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப என் இன்சூரன்ஸ்?" சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற எழுபது வயசுக்காரி, எங்கள் ஆபீஸ் குரூப் பாலிசியில்தான் இருந்தாள். அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது, பத்து நிமிஷம் கழித்து யோசித்தால் அந்த வீட்டிலேயே நிதானமாக இருந்தது அம்மா மட்டும்தான். கடைசி வேலை நாளோடு குரூப் பாலிசி போய்விடும். ஆனால் அதே இன்சூரன்ஸ் கம்பெனியிலேயே தனிப் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், அப்படி மாறினால் இதுவரை ஓடிய காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். கிராஜுவிட்டியில் முதல் செலவு அந்த ப்ரீமியம்தான்.

எதற்காக அனுப்பினார்கள் என்று கேட்டால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் வேலைக்குப் பதிப்பகம் கொடுப்பது பக்கக் கணக்கில். நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த விலை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் முதல் திருத்தத்தை ஒரு மென்பொருள் செய்ய ஆரம்பித்தது, நாங்கள் அதைச் சரிபார்க்கிறவர்கள் ஆனோம், சரிபார்ப்பதற்குப் பாதி ஆள் போதும் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். மென்பொருளைத் திட்டுவது எனக்கு இஷ்டமில்லை. ஹைஃபனையும் டேஷையும் அது என்னைவிட நன்றாகவே பிடிக்கும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் பார்த்த மட்டும் அதற்கு இருந்த குறை வேறு: எண் தப்பாக இருந்தால், அந்தத் தப்பு எண்ணைச் சுற்றி வாக்கியத்தை வழவழப்பாக்கி வைத்துவிடும். கரடுமுரடான வாக்கியத்தில் ஒரு தப்பு தடுக்கும். வழவழப்பான வாக்கியத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு காபி மக், சிவப்புப் பேனா இரண்டு. 2011-இல் இன்னும் காகிதத்தில் புரூஃப் பார்த்தோம், வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். கீழே செக்யூரிட்டி அக்கா பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி, அவள் பார்க்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்றாள், பதிமூன்று வருடமாகச் சொன்ன அதே போய்ட்டு வாம்மா. ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியும், நடுவில் குப்பைமேடு, சில வருடங்களில் தூரத்தில் பூநாரைகள். 2015 வெள்ளத்தில் அந்தத் தண்ணீர் ரோட்டுக்கே வந்துவிட்டது. ஒன்பது பேரை வேனில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு வாரம் தங்கி வேலை பார்த்தோம், ஒரு இதழ்கூடத் தாமதமாகவில்லை. எதற்கு அப்படி ஓடினோம் என்று இப்போது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த வாரம் சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் நிஜம்.

இப்போது ஃப்ரீலான்ஸ் செய்கிறேன், வார்த்தைக்கு இவ்வளவு பைசா என்று. போதவில்லை, சமாளிக்கிறோம், வீட்டுக்காரர் சம்பளம் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எழுத இருப்பது வேறு. அன்றைக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்ட நேரம் என் திரையில் ஒரு கட்டுரை திறந்திருந்தது. எத்தியோப்பியாவில் ஒரு மருத்துவமனை, கருங்காய்ச்சல் நோயாளிகள், மணல் ஈ கடித்துப் பரவுமே, காலா அசார், அதுதான். வெட்ட வெளியில் படுத்துத் தூங்குகிற கூலிக்காரர்களுக்கு அதிகம் வருகிற நோய். முதல் ரகக் கட்டுரை: இங்கிலீஷ் தடுமாறும், உள்ளே விஷயம் இருக்கும். எழுதிய டாக்டரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது, எத்தியோப்பியாக்காரர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப்பெயர் கிடையாது, இரண்டாவதாக வருவது அப்பா பெயர். அதற்கு ஒரு கேள்வி போட்டாயிற்று. இரண்டாவது அட்டவணையில் நின்றுகொண்டிருந்தேன். மொத்த நோயாளிகள் 212. ஆண்கள் 171, சதவீதம் 80.7. பெண்கள் 39, சதவீதம் 18.4. கூட்டினால் 210, சதவீதத்தைக் கூட்டினால் 99.1. இரண்டு பேரைக் காணவில்லை. ஏழாவது கேள்வியாக அதைப் போட்டேன், ஏ.க்யூ. 7, 'மொத்தம் பொருந்தவில்லை, தயவுசெய்து சரிபார்க்கவும்'. சேமித்தேன். அப்போதுதான் மேனேஜர் தோளைத் தட்டினார்.

சம்பளம், பி.எஃப்., ஹெச்.ஆர். பெண் எல்லாம் மெல்ல மங்கிவிட்டது. அந்த இரண்டு பேர் மட்டும் போகவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது தோன்றும், கூட்டல் பிழையா, விட்டுப்போன இரண்டு வரியா, இல்லை நிஜமாகவே வந்து படுத்துவிட்டு விவரம் எழுதுவதற்குள் போய்ச் சேர்ந்த இரண்டு பேரா. என் கேள்வி அடுத்த ஆளுக்குப் போனதா, ஃபைலோடு அழிந்ததா என்றும் தெரியாது. டிசம்பரில் தேடினேன், கட்டுரை வெளியாகியிருந்தது. சுருக்கம் மட்டும் இலவசம், அதில் 212 என்றுதான் இருந்தது. அட்டவணையைப் பார்க்க வேண்டுமென்றால் டாலரில் பணம் கட்ட வேண்டும். பதிமூன்று வருடம் அந்தச் சுவருக்கு உட்பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு, வெளிப்பக்கம் இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் தொடர்புக்கான மெயில் முகவரி யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருக்கும். போன வாரம், ஐந்து மாதம் தயங்கிய பிறகு, என் சொந்த ஜிமெயிலிலிருந்து அந்த டாக்டருக்கு எழுதினேன். நான் யார் என்று எழுதவில்லை. உங்கள் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி, இரண்டாவது அட்டவணையில் ஆண் பெண் எண்ணிக்கை மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும். அனுப்பிவிட்டு அசட்டுத்தனம் என்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

நேற்று பதில் வந்திருக்கிறது. அந்த இரண்டு நோயாளிகளின் பதிவேட்டுப் பக்கத்தில் ஆணா பெண்ணா என்று குறிக்கப்படவில்லை, இருவரும் குணமாகி வீட்டுக்குப் போனவர்கள், புரூஃபில் ஒரு எடிட்டர் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது, அட்டவணைக்குக் கீழே அடிக்குறிப்பு சேர்த்தோம், இவ்வளவு கவனமாகப் படித்ததற்கு நன்றி என்று எழுதிவிட்டு, கடைசியில் நீங்களும் இந்த நோயில் ஆராய்ச்சி செய்கிறவரா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று முறை ஆரம்பித்து அழித்துவிட்டேன். இன்றைக்கு ராத்திரி பையன் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுத வேண்டும்.